லோரி எடை மேடையில், சர்வர் மாசக் கணக்கில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மாமா செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வாங்கி ஆலைக்கு ஏற்றிவிடும் தொழில் செய்கிறார். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் லோரியிலும் பிக்கப்பிலும் கொண்டுவந்து, எடை போட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். மாதம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் கணக்கு அனுப்ப வேண்டும்: மொத்த எடை, பழுக்காத குலைக்கும் நீளக் காம்புக்கும் கழிவு, எண்ணெய் விழுக்காடு, அந்த மாத விலை, கையில் வர வேண்டிய வெள்ளி (ரிங்கிட்). இதற்கான மென்பொருளை எழுதிக் கொடுத்தது நான்தான். பகலில் எனக்கு ஈப்போவில் வேறு வேலை. இது சொந்தக்காரன் என்ற முறையில் தலையில் விழுந்தது.

சர்வர் மாமா கடையின் பின்னறையில், உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்கு கோர், 8 ஜிபி ரேம் உள்ள பழைய மினி கணினி. கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் என்ன என்று பலர் கேட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் மாலையானால் இடியோடு மழை. இணையம் போனாலும் எடை மேடை ஓடியாக வேண்டும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். “நெட் வரட்டும், நில்லுங்க” என்று லோரிக்காரரிடம் சொல்ல முடியாது.

ஜாங்கோ என்ற பைத்தான் சட்டகத்தில் எழுதி, அதை ஓட்டும் கூனிகார்னில் மூன்று ஒர்க்கர் (கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் புராசஸ், அதாவது தனியாக ஓடும் நிரல்) வைத்து, முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் போட்டிருந்தேன். எல்லா வேலையும் அதற்குள்தான். எடையைச் சேமித்தவுடன் அதே மூச்சில் பிடிஎஃப் சீட்டு தயாராகும், லோரி எண்ணின் படம் சுருங்கும், தோட்டக்காரருக்கு மின்னஞ்சல் போகும். ஒரு சீட்டுக்கு ஆறேழு வினாடி ஆனது. கவுண்டரில் இருக்கும் அக்கா பொறுமைசாலி என்பதால் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஓர் அக்டோபர் முதல் தேதி வந்தது. செப்டம்பரும் அக்டோபரும் விளைச்சல் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். காலை ஒன்பதே முக்காலுக்கு அக்கா போன் செய்தார்.

“தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு. வெளிய ஏழு லோரி நிக்குது.”

“என்ன அமுக்கினீங்கக்கா?”

“ஒண்ணும் அமுக்கல. மாசக் கணக்கு மட்டும்தான்.”

“ஒரு தடவையா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “வரலைன்னு மூணு தடவை.”

தப்பு அவருடையது இல்லை. கூனிகார்ன் ஒரு கோரிக்கைக்கு 30 வினாடிதான் பொறுக்கும், அதற்கு மேல் அந்த ஒர்க்கரைக் கொன்றுவிடும். மாசக் கணக்கு அதைத் தாண்டியபோது, சில மாதங்களுக்கு முன் நான் அந்த 30ஐ 300 ஆக்கிவிட்டு, தீர்த்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். என்ஜின்எக்ஸ் 60 வினாடியில் கைவிட்டுவிடும் என்பதை மறந்துவிட்டேன். ஆக, ஒரு நிமிடத்தில் அக்காவின் திரையில் 504 பிழை (பதில் வர நேரம் கடந்துவிட்டது) வரும். உள்ளே ஒர்க்கர் அது தெரியாமல் தொடர்ந்து பிடிஎஃப் அடித்துக்கொண்டிருக்கும். அவர் மறுபடி அமுக்குவார், இரண்டாவது ஒர்க்கர் மாட்டும். இன்னொரு தடவை, மூன்றாவதும் போச்சு. இருந்த மூன்று பேரும் மாசக் கணக்கில் உட்கார்ந்துவிட்டால் எடைச் சீட்டுக்கு ஆள் ஏது?

ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். லோரிகள் நகர்ந்தன. முந்நூறு கணக்கில் நூற்றுச் சொச்சம் போயிருந்தது, யாருக்குப் போனது யாருக்குப் போகவில்லை என்று சொல்ல எந்தப் பதிவும் இல்லை. அன்று மதியம்வரை அக்கா பழைய பில் புத்தகத்தில் கையால் எழுதினார்.

ராத்திரி அம்மாவிடம் புலம்பினேன். அம்மா முப்பது வருடம் தோட்டத்தில் வேலை பார்த்தவர், கணினியைத் தொட்டதில்லை. கேட்டுவிட்டு, “கிராணி மருந்து அடிக்கப் போயிட்டா செக்ரோல் யாருய்யா எழுதுறது?” என்றார். விடிகாலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம்) கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் என்ன வேலை என்று எழுதுவார். பால் வெட்டுகிறவர் காட்டுக்குப் போவார், மருந்து அடிக்கிறவர் டின்னைத் தூக்கிக்கொண்டு போவார், கிராணி ஆபீஸை விட்டு நகர மாட்டார். யார் வந்து கேட்டாலும் பதில் சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும். என் சர்வரில் மூன்று கிராணிகளும் டின்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

சொன்னது உடனே புரிந்தது. செய்தது தப்பாகப் போனது.

முதலில், வேலையை அதே செயலிக்குள் ஒரு திரெட்டில் (பின்னணியில் ஓடும் கிளையில்) தள்ளிவிட்டேன். பொத்தானை அமுக்கியதும் திரை திரும்பி வந்தது, அக்காவுக்குச் சந்தோஷம். ஆனால் திரெட் குடியிருப்பது அதே ஒர்க்கருக்குள். நினைவகம் வீங்காமல் இருக்க, குறிப்பிட்ட எண்ணிக்கைக் கோரிக்கைக்குப் பிறகு ஒர்க்கரைப் புதுப்பிக்கும்படி கூனிகார்னில் வைத்திருந்தேன். அது புதுப்பிக்கும்போதெல்லாம் பாதியில் இருந்த கணக்கு சத்தமில்லாமல் செத்தது.

அடுத்து செய்தது அதைவிட மோசம். மாதம் பிறந்ததும் காலை ஏழு மணிக்குக் கணக்கு தானாகப் போகட்டும் என்று, நேரம் பார்த்து வேலையைக் கிளப்பும் நிரலையும் செயலிக்குள்ளேயே வைத்தேன். கூனிகார்ன் மூன்று ஒர்க்கரைக் கிளப்பும், ஒவ்வொன்றும் செயலியை முழுதாக ஏற்றும், அப்படியென்றால் நேரம் பார்க்கிறவரும் மூன்று பேர். முதல் தேதி காலையில் ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் ஒரே கணக்கு மூன்று முறை போனது. “அப்ப மூணு தடவை காசும் வருமா?” என்று மாமாவுக்கு வந்த போன்களை அவர் இன்றும் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிக் காட்டுகிறார்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பிரித்தேன். நினைவகத்தில் தரவு வைக்கும் ரெடிஸை வேலை வரிசைக்கு வைத்து, அந்த வரிசையிலிருந்து வேலையை எடுத்துச் செய்யும் செலரி ஒர்க்கரைத் தனி சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸே கிளப்பிக் கவனிக்கும் நிரலாக) ஆக்கினேன். இனி ஒர்க்கர் என்றால் இதுதான். நேரம் பார்க்கும் பீட் இன்னொரு தனி சர்வீஸ். பீட் ஒன்றே ஒன்றுதான் ஓட வேண்டும், இரண்டு ஓடினால் மறுபடி அதே கதை. கணினி அதே பழைய மினி கணினிதான். இதை அழுத்திச் சொல்லக் காரணம், “ஒர்க்கரைப் பிரி” என்றவுடன் பலர் இரண்டாவது சர்வர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் பிரிக்க வேண்டியது புராசஸை. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று நிற்கக் கூடாது, ஒன்று வீங்கினால் இன்னொன்று சாகக் கூடாது. அவ்வளவுக்கு ஒரே பெட்டி போதும்.

எதைப் பிரிப்பது என்பதிலும் ஒரு தடவை வழுக்கினேன். உற்சாகத்தில் எடைச் சீட்டு அச்சடிப்பதையும் வரிசையில் போட்டுவிட்டேன். வரிசை நீண்ட நாளில் லோரிக்காரர் சீட்டுக்காக ஜன்னலைத் தட்டிக்கொண்டு நின்றார். அன்று முதல் எனக்கு ஒரே கேள்விதான்: இந்த வேலை முடிய யாராவது எதிரே நின்று காத்திருக்கிறாரா? நின்றால் அது கிராணியின் வேலை, அங்கேயே முடியட்டும். எடையைச் சேமிப்பதும் சீட்டு அடிப்பதும் அப்படி. சீட்டையும் பிடிஎஃப் ஆக்காமல் நேராக பிரிண்டருக்கு எழுத்தாக அனுப்பினேன், அரை வினாடிகூட ஆகவில்லை. படம் சுருக்குவது, மின்னஞ்சல், மாசக் கணக்கு எல்லாம் ஒர்க்கருக்கு.

மாசக் கணக்கையும் உடைத்தேன். முந்நூறு பேரையும் ஒரே வேலையாகக் கொடுத்தால் நூற்றுச் சொச்சத்தில் நின்ற அன்றைய கதைதான் திரும்பும். ஆளுக்கு ஒரு வேலை என்று போட்டால் ஒருவருடைய மின்னஞ்சல் முகவரி தப்பாக இருந்தாலும் மற்றவர்களுடையது போய்விடும். இந்த ஆளுக்கு, இந்த மாதத்துக்கு, கணக்கு போய்விட்டதா என்று தரவுத்தளத்தில் ஒரு வரி வைத்தேன். அதே ஆளும் அதே மாதமும் இரண்டாவது தடவை வந்தால் ஏற்காது. பின்னால் என்னைப் பல தடவை காப்பாற்றியது இந்த வரிதான்.

ஏனென்றால் வரிசை என்று வந்துவிட்டால் ஒரே வேலை இரண்டு தடவை ஓடவே செய்யும். செலரியோடு ரெடிஸ் வைத்தால், எடுத்துக்கொண்டு போன வேலைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால், அந்த ஒர்க்கர் செத்துவிட்டது என்று நினைத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். இயல்பு அமைப்பே அப்படித்தான். ‘நாளைக் காலை ஏழு மணிக்குச் செய்’ என்று நேரம் குறித்து முந்தின நாள் மாலையே வேலையைப் போட்டால், ஒர்க்கர் அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும், ஒப்புதல் தராது. மணிக்கொரு தடவை அதே வேலை மறுபடி விநியோகமாகி, காலையில் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். நேரம் குறித்த வேலைகளை முழுக்க பீட்டிடமே விட்டுவிட்டேன்.

பீட்டும் ஒரு வேலை காட்டியது. பழைய படங்களைச் சுருக்கிக் காப்பு எடுப்பதை ‘இரவு 2 மணி’ என்று வைத்தேன். சில வாரங்களாகக் காலை பத்து மணி வாக்கில் கணினி மூச்சு வாங்கியது. செலரிக்கு நேர மண்டலம் சொல்லாவிட்டால் அது உலகப் பொது நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அதன் இரவு இரண்டு நமக்குக் காலை பத்து, லோரிகள் வரிசை கட்டும் நேரம். நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். (1982 ஜனவரி 1க்கு முன்பென்றால் ஏழரை மணி நேரம். அன்று தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளியது மாமாவுக்கு நினைவிருக்கிறது.) ஜாங்கோவில் கோலாலம்பூர் நேரம் சரியாக வைத்திருந்தேன். செலரி தன் அமைப்பை ஜாங்கோவிலிருந்து படிக்காவிட்டால் அதற்கும் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உறைக்கவில்லை.

நினைவகம்தான் என்னை அதிகம் படுத்தியது. செலரி வழக்கமாகக் கோருக்கு ஒன்று என்று நான்கு புராசஸைக் கிளப்பும். ஒவ்வொன்றும் செயலியையும் பிடிஎஃப் நூலகத்தையும் சுமந்துகொண்டு நிற்கும். ஒரு மாதக் கடைசியில் 8 ஜிபியும் தீர்ந்துபோனது. லினக்ஸ் அந்த நிலையில் யாரையாவது கொன்று இடம் பிடிக்கும். கொழுத்தது ஒர்க்கர், ஆனால் அது தேர்ந்தெடுத்தது தரவுத்தளமான போஸ்ட்கிரெஸின் ஒரு புராசஸை. அப்படி ஒன்று கொல்லப்பட்டால் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டுத் தன்னைச் சரிபார்த்துக்கொண்டுதான் எழும். கவுண்டரும் சேர்ந்து விழுந்தது. புராசஸைப் பிரித்தும் பிரிக்காத கதை. இதற்கு மருந்து ஒர்க்கரின் சிஸ்டம்டி கோப்பில் இரண்டு வரி. நினைவகத்துக்கு 2 ஜிபி உச்ச வரம்பு வைத்தேன், தாண்டினால் சாவது அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கும். சிபியு பங்கை வழக்கமான 100இலிருந்து 20க்கு இறக்கினேன், கவுண்டர் கேட்டால் ஒர்க்கர் வழிவிடும். புராசஸ் எண்ணிக்கையையும் இரண்டாகக் குறைத்தேன். மாசக் கணக்கு இப்போது முன்னைவிட மெதுவாகத்தான் முடிகிறது. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வரிசையை இரண்டாக்கியதும் இதே காலத்தில்தான். ஒரே வரிசையாக இருந்தபோது முந்நூறு மாசக் கணக்குக்குப் பின்னால் அன்றைய எடை மின்னஞ்சல் ஒன்று மாட்டிக்கொண்டு மாலையில் போய்ச் சேர்ந்தது. சின்ன வேலைக்கு ஒரு வரிசை, பெரிய வேலைக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒர்க்கர். செலரி ஒவ்வொரு புராசஸுக்கும் நான்கு வேலையை முன்கூட்டியே அள்ளி வைத்துக்கொள்ளும். பெரிய வேலை வரிசையில் அதை ஒன்றாக்கிவிட்டேன்.

வேகமாக இன்னும் சில. புதிய எடை சேமிக்கப்பட்டதும் அதன் எண்ணை வரிசையில் போடுவேன். சில சமயம் ஒர்க்கர் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு ‘அப்படி ஒரு பதிவே இல்லை’ என்று திரும்பி வரும். தரவுத்தளம் உறுதி செய்வதற்கு முன்பே அது போய்விட்டிருக்கும். ஜாங்கோவில் உறுதியான பிறகு மட்டும் வரிசையில் சேர்க்க வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ரெடிஸில் ஒவ்வொரு எழுத்தையும் கோப்பில் பதியும் வசதி இயல்பில் அணைந்திருக்கும். மின்சாரம் போனால் கடைசிச் சில நிமிட வேலைகள் போயே போச்சு. அதை இயக்கினால், வினாடிக்கொரு தடவை வட்டில் எழுதும் அமைப்பில், போவது அதிகபட்சம் ஒரு வினாடி அளவுதான். கேஷுக்கும் (அடிக்கடி தேவைப்படும் தரவின் தற்காலிகச் சேமிப்பு) வரிசைக்கும் ஒரே ரெடிஸை வைக்காதீர்கள். கேஷ் நிரம்பினால் பழையதைத் தூக்கி எறியச் சொல்லியிருப்போம், அந்தக் கையோடு வேலைகளும் போகும்.

வெட்கமான தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கழிவுக் கணக்கில் பைசாவை முழுமையாக்கும் முறையை மாற்றினேன். கூனிகார்னை ரீஸ்டார்ட் செய்து, திரையில் சரியாக வருவதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன். ஒர்க்கரை ரீஸ்டார்ட் செய்யவில்லை. அது பழைய நிரலை நினைவில் வைத்துக்கொண்டு, பழைய முறையிலேயே முந்நூறு பேருக்கும் கணக்கு அனுப்பியது. வித்தியாசம் ஆளுக்குச் சில காசுதான், ஆனால் திரையில் ஒன்று தாளில் ஒன்று என்றால் மாமாவின் பேச்சை யார் நம்புவார்கள்? இப்போது புதிய நிரல் ஏற்றும் கட்டளை ஒன்றுதான், எல்லா சர்வீஸையும் அதுவே கிளப்பும். தனித்தனியாகக் கிளப்பும் வேலையை என் நினைவை நம்பி விட்டுவைக்கவில்லை.

போன வருடம் பெரிய வேலைகளை இரண்டாவது கணினிக்கு மாற்றினேன். பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தது. பேட்டரி கொஞ்சம் உயிரோடு இருக்கும் லேப்டாப்புக்குத் தனி யுபிஎஸ் வேண்டாம், அது ஒரு வசதி. ஒரே நாளில் முடியும் என்று நினைத்தது மூன்று வார இறுதிகளைத் தின்றது. ரெடிஸும் போஸ்ட்கிரெஸும் தன் கணினிக்குள் மட்டும் காது கொடுக்கும்படிதான் இருக்கும். கடையின் உள் வலைக்குத் திறந்து, கடவுச்சொல் போட்டு, லேப்டாப்பின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. இதில் அவசரப்பட்டு வெளி இணையத்துக்கு ரெடிஸைத் திறந்துவிடாதீர்கள், வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்ட மாதிரி. அப்புறம் கோப்பு. ஒர்க்கர் பிடிஎஃபைத் தன் வட்டில் எழுதிவிட்டு ‘முடிந்தது’ என்றது. அக்கா திறந்தால் ‘கோப்பு இல்லை’. அது லேப்டாப்பில் கிடக்கிறது, திரை தேடுவது மினி கணினியில். ஒரே பெட்டியில் இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. இரண்டும் பார்க்கும் பொதுக் கோப்புறை ஒன்றை வலையில் வைத்துச் சமாளித்தேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் அளவுக்கு இரண்டாவது கணினி தேவையே இல்லை. 8 ஜிபியை 16 ஆக்கியிருந்தால் போதும். செய்துவிட்டேன், இருக்கட்டும்.

பிரித்ததில் ஒரு புதுக் கஷ்டமும் உண்டு. முன்பெல்லாம் ஏதாவது கெட்டால் திரை சுற்றும், அக்கா கத்துவார், எனக்குத் தெரிந்துவிடும். இப்போது ஒர்க்கர் செத்துக் கிடந்தாலும் கவுண்டர் சிரித்துக்கொண்டே ஓடும். ஒரு தடவை மூன்று நாள் ஒரு மின்னஞ்சலும் போகவில்லை, தோட்டக்காரர் ஒருவர் கேட்ட பிறகுதான் கண்டுபிடித்தேன். கவனிப்பதற்கென்றே பெரிய பெரிய கருவிகள் இருக்கின்றன, இரண்டைப் போட்டுப் பார்த்தேன், நானே திறந்து பார்ப்பதில்லை. கடைசியில் அக்காவின் திரையில் கீழ்மூலையில் இரண்டு எண்களை வைத்தேன்: எத்தனை வேலை காத்திருக்கிறது, அதில் பழையது எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது. இரண்டாவதுதான் முக்கியம். முதல் தேதி அன்று முந்நூறு நிற்பது சாதாரணம். ஒரே ஒன்று நின்றாலும் அது இரண்டு மணி நேரமாக நிற்கிறது என்றால் ஏதோ கோளாறு. முப்பது நிமிடம் தாண்டினால் எண் சிவப்பாகும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சரியான மழை. பின்னறையைக் கூட்டியவர் லேப்டாப்பின் வலைக் கம்பியை இழுத்துவிட்டிருக்கிறார். நான் ஈப்போவில் மீட்டிங்கில் இருந்தேன். அக்காவின் போன்.

“தம்பி, உன் ஆளுங்க இன்னிக்கு வேலைக்கு வரல போல. அம்பத்தேழு நிக்குது, ரெண்டு மணி நேரமாச்சு, செவப்பா காட்டுது.”

“லோரிங்க நிக்குதாக்கா?”

“அது பாட்டுக்கு போயிட்டு இருக்கு. நீ சாயங்காலம் வந்து பாரு. வரும்போது ஒரு பால் டின் வாங்கிட்டு வா, டீக்கு இல்ல.”